தற்காலிகப் பேருந்து நிலையத்து நீர்நாய்கள்

இதை எனக்கு முதன்முதலில் சொன்னவர் வாய்க்கால்பேட்டைப் பேருந்து நிலையத்தின் நேரக்காப்பாளர் இருதயசாமி. பேருந்துகள் வரும் நேரத்தையும் புறப்படும் நேரத்தையும் ஒலிபெருக்கியில் அறிவித்தே முடி நரைத்தவர் அவர்; நான்கு நிமிடத் தாமதத்தை ஐந்து நிமிடம் என்று சொல்வதற்கும் மனம் ஒப்பாதவர். ஆகையால், ஆவணி மாதத்து வெள்ளிக்கிழமை ஒன்றின் முற்பகலில் அவர் தம் கூண்டுக்குள்ளிருந்து தலையை நீட்டி, "டீச்சர், கரூர் வண்டி மூணாவது மேடைக்கு வருது; ஏறும்போது கொஞ்சம் குனிஞ்சு ஏறுங்க, மேல நீர்நாய் நீந்துது" என்று சொன்னபோது, நான் மறுகேள்வி கேளாமல் குனிந்தேன்.

குனிந்தபடியே கண்களை உயர்த்திப் பார்த்தேன். பேருந்துக் கூரையின் விளிம்புக்கு ஒரு முழம் கீழே, மூக்கும் கண்களும் ஒரு மட்டத்துக்கு மேலாகவும் உடல் அம்மட்டத்துக்குக் கீழாகவும் இருக்க, இரண்டு நீர்நாய்கள் ஒன்றன்பின் ஒன்றாக, தண்ணீரில் நீந்துவதைப் போலவே, தண்ணீர் இல்லாத இடத்தில் நீந்திக்கொண்டிருந்தன. அவற்றுள் ஒன்று மூழ்கியது. மூழ்கி, பேருந்துக்குக் காத்திருந்தோரின் தோள்களுக்கும் பைகளுக்கும் இடையே வளைந்து, பூ விற்கும் செவந்தியின் கூடையை ஒரு சுற்றுச் சுற்றி, ஒரு விரால் மீனைக் கவ்விக்கொண்டு மேலெழுந்தது. அதன் வாய்க்கு வரும்வரை அந்த மீன் எவர் கண்ணுக்கும் தெரியவில்லை. செவந்தி, தலையில் விழுந்த செதில்களைத் தட்டிவிட்டு, விலை சொல்லிக் கூவுவதைத் தொடர்ந்தாள்.

வாய்க்கால்பேட்டையில் எவரும் இதைக் கண்டு வியக்கவில்லை. நீர்நாய்கள் ஏரியில் நீந்துகின்றன, அதிலென்ன வியப்பு என்பதே ஊராரின் எண்ணம். பேருந்து நிலையம் நிற்கும் இடம் நாச்சியார் ஏரி. அறுபத்து மூன்று ஏக்கர் பரந்து கிடந்த அந்த ஏரிக்குள், வானம் பொய்த்த ஓர் ஆண்டில், வேறு இடம் கிடைக்கும்வரைதான் என்று சொல்லி நகராட்சி ஒரு கொட்டகை போட்டு, 'தற்காலிகப் பேருந்து நிலையம்' என்று பலகை வைத்தது. பின்னர்க் கொட்டகை கட்டடமாயிற்று, கட்டடம் மாடியாயிற்று, மாடியைச் சுற்றி நகைக்கடையும் கைப்பேசிக் கடையும் தங்கும் விடுதியும் தழைத்தன, ஏரிக்கரையை வெட்டி எடுத்த மண்ணே ஏரியைத் தூர்க்கப் போதுமானதாக இருந்தது. பலகை மட்டும் மாறவில்லை. ஒவ்வொரு பொங்கலுக்கும் நகராட்சி அதற்குப் புது வண்ணம் பூசுகிறது. 'தற்காலிக' என்னும் சொல்லையும் விட்டுவிடாமல் பூசுகிறது. நீர்நாய்கள் நீந்திய உயரம், ஏரி நிறைந்து வழிந்த காலத்து நீர்மட்டம் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது. தெரிந்ததைப் பேசாமல் இருக்கவும் எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

அவற்றைக் கொண்டுவந்து விட்டவர்கள் பேருந்து நிலையத்தில் விடவில்லை. ஏரியில் எஞ்சிய நான்கு ஏக்கர், நிலையத்தின் பின்புறம் கோரையும் நாணலும் மண்டிக் கிடந்தது. அதை மீட்டெடுத்து, காவிரிப் பக்கத்தில் அருகிவிட்ட நீர்நாய்களை மீண்டும் அதில் வாழவிடுவது என்று முடிவாயிற்று. மீட்டெடுத்தல் என்ற சொல்லுக்கு எங்கள் நகராட்சி எந்த அகராதியில் பொருள் பார்த்ததோ நான் அறியேன். கோரையையும் நாணலையும் குப்பை என்று வழித்தெறிந்தார்கள். சரிந்திருந்த மண்கரையை நேராக வெட்டிக் கல்பதித்துச் சிமெண்டு பூசினார்கள். சுற்றிலும் வண்ண ஓடுகள் பாவிய நடைபாதை, நடுவே நீரூற்று, அன்னப்பறவை வடிவில் மிதிபடகுகள் நான்கு. பிறகு மேளம் கொட்டி, நீர்நாய்களை வரவேற்றார்கள்.

நீர்நாய்களோடு வந்தவள் கோமளா. வனத்துறைக் காப்பகம் ஒன்றில் தொகுப்பூதியத்தில் விலங்குகளைப் பேணும் பெண். வெவ்வேறு ஊர்களில் வலையில் சிக்கித் தாய் இறந்துபோன இரண்டு குட்டிகளை, ஒன்று ஆண், ஒன்று பெண், புட்டிப்பால் கொடுத்து வளர்த்து, மீன்பிடிக்கக் கற்பித்து, மனிதரிடம் உள்ள பழக்கத்தை மெல்ல மெல்ல மறக்கச் செய்தவள். அவற்றுக்கு அவள் பெயர் வைக்கவில்லை. "காட்டுக்குப் போறதுங்களுக்கு எதுக்குங்க பேரு? கூப்பிட்டா திரும்பிப் பாக்கும், அப்புறம் போகாது" என்றாள். ஊர் அன்றைக்கே அவற்றுக்குப் பெயர் வைத்துவிட்டது. அந்தப் பெயர்கள் இங்கே எழுதத் தக்கவை அல்ல.

கூண்டைத் திறக்குமுன் அவள் நகர்மன்றத் தலைவர் வடமலையிடம் சென்று நின்றாள்.

"சார், கரை வேணும் சார். மண் கரை. இதுங்க வளை தோண்டித்தான் தங்கும். இது ஏரி இல்ல சார், தொட்டி."

"தொட்டியாம்மா? கலெக்டரே வந்து பாத்துட்டு வெளிநாடு மாதிரி இருக்குன்னாரு. உன் நாய்க்குப் புடிக்கலையா?"

கூட்டம் சிரித்தது. கூண்டு திறக்கப்பட்டது. இரண்டும் தண்ணீரில் இறங்கிக் கல்கரை ஓரமாகவே சுற்றிச்சுற்றி வந்து, கை வைத்த இடமெல்லாம் வழுக்கி விழுந்து, கடைசியில் நீரூற்றின் மேடை மீது ஏறி நின்று நாற்புறமும் முகர்ந்தன. பிறகு, பாறையிலிருந்து ஆற்றுக்குள் நழுவுவதைப் போல, மேடையிலிருந்து வெறும் காற்றுக்குள் நழுவின. தண்ணீர் தெறிக்கும் ஓசை எல்லோருக்கும் கேட்டது. தலைவரின் வெள்ளைச் சட்டை நனைந்தது. அவர் அதைக் கைக்குட்டையால் துடைத்துக்கொண்டு நன்றியுரைக்கு வந்தவரைப் பேச அழைத்தார்.

அன்று முதல் பேருந்து நிலையம் ஏரிக்குள் நடந்தது. பேருந்துகள் வந்தன, போயின. நடத்துநர்கள், "உள்ள போ, உள்ள போ" என்பதோடு "தலைய குனி, தலைய குனி" என்பதையும் சேர்த்துக்கொண்டார்கள். தேநீர்க் கடைக்காரர் பால்பாத்திரத்துக்கு மேலே வலை கட்டினார். பட்டுப்புடவை உடுத்திய பெண்கள் குடை விரித்து நடந்தார்கள். மீன் வாங்க வசதியில்லாதோர் அதே குடையைத் தலைகீழாகப் பிடித்து நின்றார்கள். இப்படி மீன் விழுவது தெரிந்த மறுவாரமே நகராட்சி விழித்துக்கொண்டு, பேருந்து நிலையத்து வான்வெளியின் மீன்பாசிக் குத்தகையை ஏலம் விட்டது. ஏலம் எடுத்தவரின் ஆட்கள், குடையைத் தலைகீழாகப் பிடித்தோரிடமிருந்து குடைகளைப் பறித்தார்கள். இல்லாத தண்ணீருக்கு உரிமையாளர் உண்டு, ஏலம் உண்டு, அடிதடி உண்டு. இருந்த தண்ணீரைத் தூர்த்ததற்குப் பொறுப்பாளர் மட்டும் இல்லை.

நான் மனு எழுதினேன். பிழையற்ற தமிழில், உரிய அலுவலகங்களுக்கு, உரிய முறையில் எழுதினேன். நீர்நாய்கள் வந்ததால் ஏரி இன்னும் இருக்கிறது என்பது விளங்கிவிட்டது, ஆகவே பேருந்து நிலையத்தைப் புறவழிச்சாலைக்கு மாற்றி ஏரியை ஏரிக்கே கொடுத்துவிட வேண்டும் என்பதே அதன் சாரம். அப்படி ஓர் ஏரி தங்கள் ஆவணத்தில் இல்லை என்று ஓர் அலுவலகம் எழுதியது. பேருந்து நிலையத்துக்குள் நீர்நாய்கள் இல்லை, அவை அதற்கு மேலேதான் இருக்கின்றன என்று நகராட்சி எழுதியது. வனத்துறை அலுவலகத்துக்கு நேரில் சென்றேன். அங்கிருந்த அலுவலர் இனிமையானவர், நாற்காலி போட்டு, மோர் வரவழைத்து, "வெற்றிகரமா விட்டாச்சுன்னு எழுதிக் கோப்ப முடிச்சுட்டோம்மா. முடிஞ்ச கோப்பத் தொறந்தா, விடலன்னு ஆயிடும்" என்றார். எழுத்தில் வந்த இரண்டு மறுமொழிகளிலும் ஒற்றுப்பிழைகள் இருந்தன என்பதைச் சொல்லாமல் விட என்னால் இயலவில்லை.

கோமளா ஊர் திரும்பவில்லை. விடுப்பு எழுதிக் கொடுத்துவிட்டு, பகலெல்லாம் மூன்றாவது மேடையின் சிமெண்டு இருக்கையில் அமர்ந்து மேலே பார்த்துக்கொண்டிருந்தாள். புரட்டாசியின் நடுவில் ஒரு நாள், என்னைக் கண்டதும் எழுந்து நின்று, "டீச்சர், பொட்டைக்கு வயிறு இறங்கிருச்சு. இன்னும் பத்துப் பன்னெண்டு நாள் தாங்குனா பெருசு" என்றாள்.

"நல்ல செய்திதானே அம்மா?"

"என்னங்க நல்ல செய்தி? நீர்நாய்க் குட்டி பொறந்ததும் நீந்தாதுங்க. கண்ணே தொறக்காது. கரையில, மண்ணுல வளை தோண்டி, அதுல போட்டு வச்சுத்தான் வளக்கும். கரை கிடைக்கலன்னா தண்ணியில போட்டுரும். இந்தத் தண்ணியில போட்டா..." அவள் தரையைப் பார்த்தாள். தார் பூசிய தரை, பேருந்துச் சக்கரங்களின் கீழே மினுங்கியது.

பூக்கட்டிக்கொண்டே கேட்டிருந்த செவந்தி குறுக்கிட்டாள். "இவ்ளோ பெரிய ஊர்ல ஒரு புள்ளத்தாச்சிக்கு இடமில்லையா?"

இடம் ஒன்று இருந்தது. நிலையத்தின் வடமூலையில், கட்டணக் கழிப்பறைக்குப் பின்னால், பழைய ஏரிக்கரையின் ஒரு துண்டு வெட்டப்படாமல் நின்றது. பேருந்துக் கூரையின் உயரமுள்ள மண்மேடு, ஒரு பனைமரம், குப்பை, ஆண்கள் ஒதுங்கிய நாற்றம். கோமளா எங்களை அங்கே அழைத்துச் சென்றாள். பெண் நீர்நாய் காற்றிலிருந்து அந்த மேட்டில் கரையேறி, உடலை உதறி, எங்கள் முகங்களை நனைத்துவிட்டு, பனைவேருக்கு அடியில் மண்ணைப் பறித்துக்கொண்டிருந்தது. முன்னங்கால்கள் இரண்டும் விடாமல் இயங்கின. இத்தனை பெரிய நகரத்தில் அது தேடிக் கண்டுபிடித்த மண் அவ்வளவுதான்.

"தற்காலிகம்னா கைமாத்து மாதிரிதானே டீச்சர்?" என்று செவந்தி என்னைக் கேட்டாள். "கைமாத்து வாங்கினா திருப்பிக் குடுக்கணும்ல? ஏரிக்கிட்ட வாங்கினத யாரு குடுக்கறது?"

மூன்று அலுவலகங்களுக்கு எழுதியும் கிடைக்காத மறுமொழி என் கைப்பையில் மட்டும் எப்படி இருக்கும்?

அந்த வாரமே நகராட்சி ஓர் அறிவிப்புப் பதாகை கட்டியது. நீர்நாய்களால் நகரம் புகழ்பெற்றுவிட்டதால், அவற்றைப் போற்றும் வகையில், வடமூலை மண்மேடு அகற்றப்பட்டு, அவ்விடத்தில் பன்னிரண்டடி உயரச் சிமெண்டு நீர்நாய்ச் சிலையுடன் செல்ஃபி மேடை அமைக்கப்படும்.

கோமளா ஓடினாள், தலைவரின் வீட்டுக்கும் நகராட்சிக்கும் ஓடினாள். "ஒரு மாசம் பொறுங்க சார், குட்டி வெளிய வந்ததும் கட்டிக்கோங்க" என்று கெஞ்சினாள். தலைவர் வடமலை கெட்டவர் அல்லர். கெட்டவராக இருந்தால் என் எரிச்சலுக்கு ஒரு முகவரி கிடைத்திருக்கும். "அதுக்காகத்தானேம்மா சிலையே வைக்கிறோம்" என்று அவர் உண்மையான வருத்தத்தோடு சொன்னார். "அமைச்சர் தேதி குடுத்துட்டாரு. உன் நாய தேதியத் தள்ளிப்போடச் சொல்லு."

பொக்லைன் இயந்திரம் வந்தது ஒரு திங்கட்கிழமை, பேருந்து நிலையம் பிதுங்கி வழியும் முற்பகல் வேளை. கோமளா மேட்டின் முன்னால் கைகளை விரித்து நின்றாள். சிலை மேடை வேலையையும் எடுத்திருந்த மீன்பாசிக் குத்தகைக்காரர் அவளிடம், வனத்துறையில் பிழைப்பு வேண்டாமா என்று கேட்டார். பொக்லைன் ஓட்டுநர், இருபத்தைந்து வயதிருக்கும், "அக்கா, தள்ளுக்கா, எனக்கு மணிக்கணக்குல கூலி" என்று இரைந்தார். பெண் நீர்நாய் வளைக்குள் இருந்தது. அதன் கீச்சொலி இயந்திரத்தின் உறுமலுக்கு ஊடே கேட்டது. கூட்டம் கூடியது. வாய்க்கால்பேட்டைக் கூட்டம் எதற்கும் கூடும், எதற்கும் கை நீட்டாது. பேருந்து வந்தால் கலைந்துவிடும். பேருந்தும் வந்துகொண்டிருந்தது, இருதயசாமியின் குரல் திருச்சி வண்டியை அறிவித்தது.

இங்கே எங்கள் ஊரின் ஒரு வழக்கத்தைச் சொல்ல வேண்டும். பேருந்து நிற்பதற்கு முன்பே, சன்னல் வழியாகத் துண்டைப் போட்டு இடம் பிடிப்பார்கள். துண்டு விழுந்த இருக்கை, துண்டுக்கு உரியவர் கடைசியில் ஏறினாலும் அவருக்கே உரியது. முப்பத்தாறு ஆண்டுகள் பிள்ளைகளை வரிசையில் நிற்கப் பழக்கிய நான், இவ்வழக்கத்தை நாகரிகமற்றது என்றே கருதி வந்திருக்கிறேன். இப்போதும் அப்படித்தான் கருதுகிறேன். ஆனால் ஒன்று சொல்வேன்: ஏரியைத் தூர்க்கக் கூடாது என்ற நீதிமன்றத் தடையாணையின் மீதே சுண்ணாம்பு அடித்த ஊர், பிறர் போட்ட துண்டு ஒன்றை எடுத்து எறிந்ததாக நான் கேள்விப்பட்டதே இல்லை.

செவந்தி பூக்கூடையை இறக்கினாள். தலையில் சும்மாடாகச் சுருட்டி வைத்திருந்த துண்டை உருவினாள். ஓடும் பேருந்துக்கு எறியும் அதே வீச்சில் அதை எறிந்தாள். அது பொக்லைன் கைக்கும் வளையின் வாய்க்கும் நடுவே மண்ணில் விரிந்து விழுந்தது.

"இடம் போட்டாச்சு" என்றாள்.

ஓட்டுநர் துண்டைப் பார்த்தார். இயந்திரத்தின் கை அந்தரத்தில் நின்றது. "யாருக்குக்கா?"

"புள்ளத்தாச்சிக்கு."

அவர் சாவியைத் திருப்பி இயந்திரத்தை நிறுத்தினார்.

குத்தகைக்காரர் கத்தினார். "எடுத்து எறிடா அந்தத் துண்ட!"

"நீங்க எடுங்கண்ணே" என்றார் ஓட்டுநர். "அடுத்தவங்க துண்டுல நான் கை வைக்க மாட்டேன். எங்கம்மாவே அடிக்கும்."

குத்தகைக்காரர் துண்டருகே சென்றார், குனிந்தார், கூட்டத்தைப் பார்த்தார், நிமிர்ந்தார். அதற்குள் திருச்சி வண்டிக்கு வைத்திருந்த துண்டை யாரோ எறிந்தார். அதன்பின் எவர் எறிந்தது எவர் எறியாதது என்று சொல்ல முடியாதபடி துண்டுகள் பறந்தன. ஈரிழைத் துண்டு, பூத்துண்டு, கைக்குட்டை, தலைப்பாகை, துணிப்பை, நடத்துநரின் விசில் கட்டிய சிவப்புத் துணி, படிப்பை நிறுத்திவிட்டுக் கடைவேலைக்குப் போகும் பெண்ணின் துப்பட்டா, எல்லாம் காற்றில் ஏறி, ஏரியின் நீர்மட்டத்தை அடைந்ததும் ஈரமாகி, கனத்து, மெல்ல அமிழ்ந்து, மேட்டின் மீது ஒன்றன் பக்கத்தில் ஒன்றாகப் படிந்தன. இருதயசாமி கூண்டைவிட்டு இறங்கி வந்து தம் தோள்துண்டை விரித்தார். அவர் வேலை நேரத்தில் கூண்டைவிட்டு இறங்கி அன்றுதான் பார்த்தேன். நான் என் கைக்குட்டையை நான்காக மடித்து வைத்தேன். பிறகு அதை முழுதாக விரித்தேன்.

திருச்சி வண்டி அன்று இடம் பிடிக்க ஆளின்றி நின்றது.

தலைவர் வடமலை வந்தார். "என்னய்யா இது, சலவைத்துறை மாதிரி!" என்று அதட்டிக்கொண்டே மேட்டில் கால் வைத்தார், ஈரமண்ணில் வழுக்கினார், விழாமல் கையூன்றினார், அவர் தோளில் கிடந்த கரைபோட்ட துண்டு நழுவி, வளையின் வாயருகே விழுந்தது.

உடனே செவந்தி, "தலைவரும் இடம் போட்டுட்டாரு!" என்று கூவினாள்.

கூட்டம் கை தட்டியது. தலைவரின் ஆட்கள் பழக்கதோஷத்தில் தாங்களும் கை தட்டி, படமும் எடுத்துவிட்டார்கள். வடமலை தம் துண்டை நோக்கிக் கையை நீட்டினார். அத்தனை பேர் பார்க்கப் போட்ட துண்டைத் திரும்ப எடுப்பவன், எங்கள் ஊரில், வண்டியிலிருந்து தானே இறங்கிவிட்டவன். நீட்டிய கையை அவர் அப்படியே உயர்த்திக் கும்பிட்டார்.

மறுநாள் 'ஏரியை மீட்ட எங்கள் தலைவரே' என்று பதாகைகள் முளைத்தன. பன்னிரண்டடிச் சிலை ஏற்கெனவே செய்தாகிவிட்டதால், அதைக் கட்டணக் கழிப்பறையின் மாடியில் ஏற்றி வைத்தார்கள். துண்டுகள் விழுந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டப்பட்டது. அந்தக் கயிற்றுக்குள், ஐந்து நாள் கழித்து, மூன்று குட்டிகள் பிறந்தன. கண் திறக்கும்வரை கோமளா கழிப்பறைச் சுவரோரம் அமர்ந்து, ஒதுங்க வந்த ஆண்களை விரட்டினாள். கார்த்திகையில் தாய் ஒவ்வொரு குட்டியாகக் கழுத்தைக் கவ்வி இழுத்து வந்து காற்றுக்குள் தள்ளியது. அவை கத்தின, கால்களை உதறின, மூக்கை மட்டும் மேலே நீட்டிக்கொண்டு மிதந்தன, பின்பு நீந்தின. பேருந்துகள் நின்று பார்த்தன, பின்பு புறப்பட்டன. கோமளா அன்று மாலையே தன் பையை எடுத்துக்கொண்டு, திரும்பிப் பாராமல் வண்டி ஏறினாள். குட்டிகளுக்கும் அவள் பெயர் வைக்கவில்லை.

வழி கண்டுபிடித்துவிட்டோம் என்று நான் எண்ணினேன். நியாயமான எண்ணம்தான் அது. மறுநாள் புதிதாக ஒரு துண்டு வாங்கிச் சென்று, நகைக்கடையின் வாகன நிறுத்தத்தில், ஏரியின் நடு ஆழம் இருந்த இடத்தில் விரித்தேன். காவலாளி ஓடி வந்து, துண்டை எடுத்து, தூசி தட்டி, விளிம்போடு விளிம்பு பொருந்த மடித்து, இரண்டு கைகளாலும் என்னிடம் நீட்டினார். "டீச்சர், இது பஸ் இல்லைங்களே" என்றார். விடுதி வாசலில் விரித்தேன். கைப்பேசிக் கடை முன்பு விரித்தேன். எல்லா இடத்திலும் மரியாதையாக மடித்துக் கொடுத்தார்கள். அவர்களின் தலைக்கு மேலே ஐந்து நீர்நாய்கள் நீந்திக்கொண்டிருந்தன. எவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. குனிவதற்கு மட்டும் பழகியிருந்தார்கள்.

தை பிறந்ததும் பலகைக்கு வண்ணம் பூசினார்கள். 'தற்காலிக' என்னும் சொல் இம்முறை சிவப்பில் பளபளத்தது. நில அளவையர் வந்து, கயிறு கட்டிய இடத்தைச் சங்கிலி போட்டு அளந்து, மூலைக்கு ஒரு கல் நட்டார். தலைவரின் துண்டு விழுந்த இடமும் அதற்குள் அடங்கியது. எவ்வளவு என்று கேட்டேன். இரண்டு முறை கூட்டிப் பார்க்கச் செய்து உறுதிப்படுத்திக்கொண்டேன். அறுபத்து மூன்று ஏக்கர் நாச்சியார் ஏரியிடம் இவ்வூர் தற்காலிகமாக வாங்கியதில் இதுவரை திருப்பித் தந்திருப்பது: இரண்டு சென்ட், தொண்ணூற்று நான்கு சதுர அடி.